ஐந்து பேரின் இரும்பு

கோவில்பட்டி தனுஷ்கோடி விண்மூலப் பரிசோதனை மையத்தில் தினமும் காலை ஏழே காலுக்கு முதல் குத்து வாங்குவது செண்பகவல்லியின் விரல்தான். குத்துகிறவளும் அவளே. இடது கை மோதிர விரல் நுனியில் ஒரு குத்து, கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு. சொட்டு விழும்போது, "அஞ்சு பேரும் நல்லா இருக்கணும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். மூன்று வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. அந்த விரல் நுனி காய்த்துப்போய், ரேஷன் கடைக் கருவிகூட ரேகை தெரியவில்லை என்று அதைத் திருப்பி அனுப்பியது.

ஐந்து பேர் யார் என்று அவளுக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல் போய், டாக்டரே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அவளுக்கு ஏற்றிய ஐந்து பாட்டில் ரத்தத்தைக் கொடுத்தவர்கள் அவர்கள். அவளுடையது ஓ நெகட்டிவ். ஊருக்குள் விரல்விட்டு எண்ணக்கூடிய வகை. பெயரைக் கேட்டுப் பார்த்தாள். ரத்த வங்கியில் அதெல்லாம் சொல்லக் கூடாது என்றுவிட்டார்கள். பெயர் தெரியாவிட்டால் என்ன, வாங்கியதைக் கொடுக்க யாரும் தடை சொல்லப்போவதில்லையே என்று, உடம்பு தேறியதும் அவளும் போய்க் கட்டிலில் படுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். இதுவரை நான்கு பாட்டில் கொடுத்திருக்கிறாள். ஐந்தாவது அடுத்த மாதம்.

தினமும் ஏன் குத்திக்கொள்கிறாள் என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ரத்தத்தில் ஓடுகிற இரும்பு பூமியில் உண்டானதில்லை, எப்போதோ வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களில் உண்டானது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எந்த மாதிரி நட்சத்திரம் என்று ஒவ்வோர் அணுவாகப் பார்த்துச் சொல்கிற கருவியைத்தான் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். வெடிப்பு இரண்டு வகை. பெரிய நட்சத்திரம் ஒன்று பிறந்த வேகத்திலேயே எரிந்து தீர்ந்து, தன் பாரம் தாங்காமல் உள்ளே இடிந்து வெடிப்பது இளம்வெடி. எரிந்து அடங்கிப்போன கிழ நட்சத்திரம் ஒன்று, பக்கத்துத் துணை நட்சத்திரத்திடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து, ஒரு நாள் தாளாமல் வெடிப்பது முதுவெடி. நம்முடையது போன்ற சுருள் வடிவ விண்மீன் மண்டலங்களில் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருப்பதால் அங்கே இரண்டும் நடக்கும். முட்டை வடிவ மண்டலங்களில் வாயு தீர்ந்து, பிறப்பு நின்று வெகுகாலமாகிவிட்டது. அங்கே முதுவெடி மட்டும்தான்.

இதைக் கேட்டு வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தால் போதும். நம் ஆட்கள் கையில் ஓர் அளவுகோல் கிடைத்தால் அதை முதலில் சம்பந்தம் பேசத்தான் எடுப்பார்கள். பிறப்பு நின்றுபோன மண்டலத்து இரும்பு ஓடுகிற உடம்பில் வம்சம் விளங்குமா என்று எவனோ டிவியில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனான். அவ்வளவுதான். ஒரே வருஷத்தில் ஜாதகத்துக்குப் பக்கத்தில் விண்மூலச் சான்றிதழும் வந்து உட்கார்ந்துகொண்டது. இளம்வெடி இரும்பு நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் என்றால் பெண் பார்க்க வருவார்கள். கீழே என்றால், "யோசிச்சுச் சொல்லுதோம்." கலர் லேப் நடத்திக்கொண்டிருந்த தனுஷ்கோடி போட்டோக்களை மூட்டை கட்டிவிட்டு மிஷினை வாங்கிப் போட்டார். ஆபரேஷன் முடிந்து எழுந்து நடமாட ஆரம்பித்திருந்த செண்பகவல்லியை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

மிஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, அளவு தெரிந்த ஒரு ரத்தம் தினமும் வேண்டும். கம்பெனி மாதாமாதம் சீல் வைத்த குப்பியில் அனுப்பத்தான் செய்தது. அது சென்னையில் ஐஸ் பெட்டியில் ஏறி, கோவில்பட்டி வெயிலுக்கு வெந்நீராக இறங்கும். சூடு பட்ட மாதிரியை நம்பாதே என்பது இருபது வருஷம் ரத்தப் பரிசோதனை லேபில் நின்றவளுக்குப் பாலபாடம். அவள் வேலை பழகிய இடத்தில் எல்லாரும் செய்ததையே அவளும் செய்தாள். தன் ரத்தத்தையே அளவாக வைத்துக்கொண்டாள். முதல் நாள் இளம் ஐம்பத்திரண்டு காட்டியது. அதன் பிறகு ஐம்பத்துமூன்று காட்டினால் ஐம்பத்திரண்டுக்கு வரும்வரை மிஷினின் அளவு மாற்றும் திருகை இறக்குவாள். மனுஷி மாறுவாளா, மிஷின்தான் ஆடும் என்பது அவள் எண்ணம். கம்பெனிக் குப்பிகள் பிரிக்கப்படாமல் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் முப்பத்தாறு சேர்ந்துவிட்டன.

அவளுடைய ஒரே மகள் செவ்வந்தி. கயத்தாறு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தகப்பன் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. கயத்தாறு பஸ்ஸில் தினமும் கூட வந்த பேச்சிமுத்துவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று செவ்வந்தி சொன்னபோது செண்பகவல்லி மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. காற்றாலையில் டெக்னீசியன், தேரிக்காட்டுப் பக்கத்துப் பையன், எண்பது மீட்டர் உயரத்துக்குத் தினமும் ஏறி இறங்குகிறவன், பேசினால் தரையைப் பார்த்துப் பேசுகிறவன். பிடித்துத்தான் இருந்தது. ஒரு பேச்சுக்கு டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம் என்றாள். அவன் மையத்துக்கு வந்து, "மேடம், எந்தக் கை?" என்று கேட்டு நீட்டினான். அவளே ரத்தம் எடுத்தாள். மிஷின் போட்டுத் தந்த வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, எண் மட்டும் வந்தது. முப்பத்தொன்று.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பேச்சு முற்றியது.

"யம்மா, முப்பத்தொண்ணுன்னா என்ன? அவுகளுக்குக் காய்ச்சலா, கண்ணு தெரியலையா?"

"காய்ச்சல்னா மாத்திரை குடுத்துருவேன் ஏட்டி. உனக்குப் பெறகு எனக்கு மூணு கலைஞ்சுது. அந்த வலி உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"அது நட்சத்திரத்தாலயா கலைஞ்சுது?"

"எதாலன்னு யாரு கண்டா. தெரிஞ்சே போயி விழணுமா?"

செவ்வந்தி கத்தியைக் கீழே வைத்தாள். "நீ அஞ்சு பேரு ரத்தத்துல உயிரோட இருக்க. அந்த அஞ்சு பேரு சர்டிபிகேட்டையும் பாத்துட்டா ஒனக்கு ஏத்துனாக?"

செண்பகவல்லி மீனை அலசுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில், "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்", "வாரேன்" என்ற இரண்டு வாக்கியங்கள் மட்டும் புழங்கின. நீ சம்மதிக்காமல் கட்டமாட்டேன், வேறு யாரையும் கட்டவும் மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். பேச்சிமுத்து சண்டைக்கு வரவில்லை. குஜராத்தில் கட்ச் பக்கம் புதுக் காற்றாலைக்கு ஆள் கேட்டார்கள் என்று பெயரைக் கொடுத்துவிட்டான். அடுத்த புதன்கிழமை ரயில்.

அந்தப் புதனுக்கு எட்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனியின் சர்வீஸ் எஞ்சினியர் ரெஜினா மையத்துக்கு வந்தாள். நாகர்கோவில்காரி, முப்பது வயது இருக்கும், கையில் ஒரு ஐஸ் பெட்டி. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மிஷினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. தான் கொண்டுவந்த குப்பியை முதலில் ஓட்டினாள். ஓட்டிவிட்டு நெற்றியைச் சொறிந்தாள்.

"அக்கா, இதுல இளம் அறுபதுன்னு கம்பெனி எழுதியிருக்கு. உங்க மிஷின் முப்பத்தொம்பது காட்டுது."

"ஐஸ் உருகியிருக்கும். சாம்பிள் கெட்டுப்போயிருக்கும் பாருங்க."

"ரத்தம் கெடும் அக்கா. இரும்பு எப்படிக் கெடும்? வெயில்ல வச்சாலும் நெருப்புல வச்சாலும் அந்த அணு அப்படியேதான் இருக்கும்."

செண்பகவல்லி பிரிட்ஜின் கீழ்த்தட்டைப் பார்த்தாள். முப்பத்தாறு குப்பிகள். இருபது வருஷப் பாலபாடம் இந்த மிஷினுக்குப் பொருந்தாது என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை.

ரெஜினா திருகைக் கம்பெனி வைத்த இடத்துக்கே திருப்பினாள். அறுபது சரியாக வந்தது. அடுத்து செண்பகவல்லியின் மூன்று சொட்டை ஓட்டினாள். எண்பது.

"நேத்து வரைக்கும் அம்பத்திரண்டுதானே இருந்துது," என்றாள் செண்பகவல்லி.

"நேத்து வரைக்கும் நீங்க அதை அம்பத்திரண்டா ஆக்கினீங்க."

மிஷின் எதையும் அழிப்பதில்லை. மூன்று வருஷக் காலைகளின் வரைபடங்களையும், அவள் திருகிய அளவைக் கழித்துவிட்டு, ரெஜினா வரிசையாகத் திரையில் ஓடவிட்டாள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தைந்து, அறுபது என்று படி ஏறுகிற மாதிரி ஏறியது. "ஆடுனது மிஷின் இல்லக்கா. நீங்கதான். இதுக்கு நடுவுல ரத்தம் எங்கயும் போச்சா?"

"நாலு தடவை குடுத்தேன். குடுத்ததும் மூணு மாசம் இரும்பு மாத்திரை போடுவேன்."

"அந்த மாத்திரை இருக்கா?"

கைப்பையில் இருந்தது. ஒன்றைப் பொடித்து ஓட்டினார்கள். தொண்ணூற்று மூன்று. ரெஜினாவுக்கு உற்சாகம் பற்றிக்கொண்டது. செண்பகவல்லியின் டிபன் பாக்ஸில் இருந்த ரேஷன் அரிசிச் சோற்றை ஓட்டினாள். நாற்பது. தனுஷ்கோடியின் மேஜை மேலிருந்த கடலைமிட்டாய், அறுபத்தாறு. வெளியே கீரை விற்றுக்கொண்டு போனவளைக் கூப்பிட்டு ஒரு கட்டு வாங்கி அதையும் ஓட்டினார்கள். நட்சத்திரங்களை அளக்கிற மிஷின் மத்தியானம்வரை அடுப்படியை அளந்துகொண்டிருந்தது.

"அப்ப பிறப்பு, வம்சம்னு சொல்லுதது?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"அதெல்லாம் இல்லக்கா. சாப்பாடுதான். ரேஷன் அரிசி திங்குறவன் ஒரு நம்பர், டானிக் குடிக்கிறவன் ஒரு நம்பர்."

"கம்பெனிக்கு இது தெரியாதா?"

"கேட்டா, நாங்க இரும்பைத்தான் அளக்கோம், மனுஷனை அளக்கலன்னு கையேட்டுல போட்டிருக்குன்னு சொல்லுவாங்க. போட்டுத்தான் இருக்கு. மூணாவது பக்கத்துல, பொடி எழுத்துல." ரெஜினா கீரைக் கட்டை ஓரமாக வைத்தாள். "சிரிப்பு என்னன்னா, இதுல எது ஒசத்தின்னே சொல்ல முடியாது. பூமியில இருக்கிற இரும்புல பெரும்பங்கு முதுவெடி குடுத்தது. நாம மூச்சு விடுற ஆக்சிஜன் இளம்வெடி குடுத்தது. ரத்தத்துக்கு வேலையே இந்த இரும்பு அந்த ஆக்சிஜனைப் பிடிச்சுக்கிட்டுப் போறதுதான். ரெண்டுல ஒண்ணு இல்லாட்டி நீங்களும் நானும் இங்க உக்காந்து கீரையை அளந்துக்கிட்டு இருக்க மாட்டோம்."

கிளம்புமுன் அவள் முதல் நாள் வரைபடத்தை மறுபடி திறந்தாள். இடது ஓரத்தில் ஒரு சின்னப் புடைப்பு.

"இது என்னன்னு பாத்தீங்களா? நம்ம மண்டலம் ஒரு காலத்துல பக்கத்துல இருந்த குட்டி மண்டலம் ஒண்ணை முழுங்கிருச்சு. வாயு தீந்து, பிறப்பு நின்னுபோன கிழட்டு மண்டலம். அங்க வெடிச்ச முதுவெடியோட இரும்புக்கு மட்டும்தான் இந்த அடையாளம். எங்கயோ ஒரு ஊர் மண்ணுல மட்டும் ஒதுங்கியிருக்கணும். நான் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நேர்ல பாத்ததில்ல. உங்க உடம்புல எப்படி வந்துச்சு?"

"எனக்கு ரத்தம் ஏத்தி மூணு மாசம்கூட ஆகாத சமயம் அது," என்றாள் செண்பகவல்லி. "அஞ்சு பேர்ல யாரோ ஒருத்தர் குடுத்தது."

அதை அப்போது அவள் மேலே யோசிக்கவில்லை. வேறொரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஐவரின் இரும்பு, அவள் நன்றிக்காகப் படுத்துக் கொடுத்த ஒவ்வொரு பாட்டிலிலும் வெளியே போயிருக்கிறது. மாத்திரை இரும்பு உள்ளே வந்திருக்கிறது. அவள் எண் ஏற ஏற, ஊரின் எண்ணைத் திருகி இறக்கியிருக்கிறாள். கரிசல் மண்ணில் முதுவெடிக்காரர்கள் ஏன் பெருகுகிறார்கள் என்று போன வருஷம் ஒரு பத்திரிகை முழுப்பக்கம் எழுதியது. பெருக்கியது அவள் மோதிர விரல்.

சாயங்காலம் தனுஷ்கோடியிடம் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"யம்மா, மிஷினைச் சரி பண்ணியாச்சுல்லா. இனிமே வாரதைச் சரியாக் குடுப்போம். பழசைக் கிளறுனா கல்லெறிவானுக."

"எறியட்டும் அண்ணாச்சி. நான் தடுத்த கல்யாணத்துக்கு நாந்தான சொல்லணும்?"

"சரியாக் குடுத்தாலும் அது கீரையத்தான காட்டும்னு நீயே சொல்லுத. பெறகு எதுக்குக் குடுக்க?" என்று அவரே கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கூட்டம் போகிற பக்கம் கடையைத் திருப்பிப் போடுகிறவர், அவ்வளவுதான். "நாலு நாள் கதவைச் சாத்துதேன். செய்ய வேண்டியதைச் செய்யி," என்றார்.

இரண்டாயிரத்து அறுநூறு அறிக்கைகள். ஒவ்வொன்றின் திருகையும் கழித்து, சரியான எண்ணைக் கண்டுபிடித்தாள். பாதிக்கு மேல் இருக்க வேண்டியிருந்தும் கீழே போனவை அறுநூற்று நாற்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். தப்பு என்னுடையது, அதைவிடப் பெரிய தப்பு இந்த எண்ணை வைத்து மனுஷரை அளந்தது, அது நீங்கள் சாப்பிடுவதைத்தான் காட்டுகிறது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பாதிப் பேர் நம்பவில்லை. ஒருவர் கேட்கக் கூசுகிற வார்த்தையில் திட்டிவிட்டு வைத்தார். எட்டயபுரத்துப் பெண் ஒருத்தி முழுக்கக் கேட்டுவிட்டு, "இப்பச் சொல்லி என்ன செய்யக்கா. அவுக வேற பொண்ணைக் கட்டிப் பிள்ளையே பிறந்தாச்சு," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு செண்பகவல்லி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அடுத்த எண்ணைப் போட்டாள். சாத்தூரில் ஒரு தகப்பனார், "எம்மா, என் மக இத்தனை நாளும் தன் உடம்புல என்னமோ குறைன்னு கண்ணாடியைப் பாக்காம கெடந்தா. நீ சொன்னதை அவகிட்ட ஒரு தடவை சொல்லேன்," என்று போனை மகளிடம் கொடுத்தார். சொன்னாள். கேட்டு முடித்த பிறகும் அந்தப் பெண் போனை வைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஓர் அறிக்கை மிச்சம் இருந்தது, பேச்சிமுத்துவினுடையது. வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளிவைத்தது. ஐம்பதைத் தாண்டி வரும், ஓடிப்போய் மகளிடம் சொல்லிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. திருகைக் கழித்தாள். நாற்பத்தேழு. இன்னும் பாதிக்குக் கீழேதான்.

இத்தனை நாள் ஊருக்கெல்லாம் போனில் சொன்னதை இப்போது தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அது சாப்பாடு, வம்சம் இல்லை. சொல்லிப் பார்த்தாள். நாக்கு சொன்னது, மனது கொஞ்சம் தயங்கியது. உண்மையை மறைக்காமல் சொன்னால் அப்படித்தான். அந்தத் தயக்கத்தோடேயே முதல் தடவையாக அவனுடைய வரைபடத்தைத் திறந்தாள்.

இடது ஓரத்தில் ஒரு புடைப்பு. அவளுடைய முதல் நாள் வரைபடத்தில் இருந்ததைவிட நான்கு மடங்கு பெரியது.

இரண்டாயிரத்து அறுநூறு படங்களையும் அந்த அடையாளத்துக்காகத் தேடச் சொன்னாள். மிஷின் இரண்டே பெயரைக் காட்டியது. ஒன்று அவளுடையது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கயத்தாறுக்குப் போனாள். மகளையும் கூட வா என்றாள். எதற்கென்று செவ்வந்தி கேட்கவில்லை, பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னலோரம் விட்டு உட்கார்ந்துகொண்டாள். பேச்சிமுத்துவுக்கு அன்று கடைசி வேலை நாள். காற்றாலை அடிவாரத்தில், இடுப்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். இருவரையும் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க மேடம். உக்கார இங்க ஒண்ணும் இல்லையே."

"இருக்கட்டும் தம்பி. ஒரு விஷயம் கேக்கணும். உங்க வீட்டுல என்ன சாப்பிடுவீக?"

அவன் செவ்வந்தியைப் பார்த்தான். அவளுக்கும் விளங்கவில்லை. "சாதாரணமாச் சாப்பிடுததுதான். தேரிக்காட்டுல எங்க தோட்டத்துல முருங்கை நிக்கி. செம்மண்ணு, அதுல வேற எதுவும் வெளையாது. வாரம் பூரா முருங்கைக்கீரை. இங்க வந்த பெறகும் ஊருலேர்ந்து கட்டிக் குடுத்து விட்டுருவாக."

"உங்களுக்கு என்ன குரூப்பு?"

"ஓ நெகட்டிவ். நீங்கதான டெஸ்ட் எடுத்தீக."

"நான் குரூப்பு பாக்கலய்யா. நட்சத்திரத்தப் பாத்தேன்." அவள் ஓரடி முன்னால் வந்தாள். "ரத்தம் குடுத்த பழக்கம் உண்டா?"

"உண்டு. இந்தப் பக்கம் எங்க குரூப்புக்காரங்க ஏழெட்டுப் பேருதான். தேவைன்னா போன் வரும், போவோம்."

"மூணு வருஷத்துக்கு முன்ன, பங்குனியில?"

அவன் யோசித்தான். "பங்குனில ஒண்ணு குடுத்தேன். கழுகுமலைத் தேர் அன்னைக்கு. தேரு நிலையை விட்டுக் கெளம்புத நேரம், போன் வந்துச்சு. கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில ஒரு அம்மாவுக்கு நாலு பாட்டில் ஏத்தியும் பத்தலன்னாக. வடத்தை விட்டுட்டு ஓடினேன். யாருன்னு தெரியாது. ஆபரேஷன் ரூமுக்கு வெளிய ஒரு பிள்ள அழுதுக்கிட்டு நின்னுச்சு, முகத்தைக்கூடச் சரியாப் பாக்கல."

செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒங்களை எதை வச்சு அளந்தேன் தெரியுமா?" என்றாள் செண்பகவல்லி. "என் ரத்தத்தை வச்சு. என் ரத்தம்னா எது? நீங்க குடுத்தது. நீங்க குடுத்ததை அளவுகோலா வச்சு, அதுக்கு நீங்க காணாது, பத்தாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அந்த அம்மா நான்தான்யா."

காற்றாலையின் இறக்கைகள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. பேச்சிமுத்து வழக்கம்போலத் தரையைப் பார்க்கவில்லை. அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"இப்ப நல்லா இருக்கீகளா?" என்று கேட்டான்.

அதற்குத் தயாராக அவள் வரவில்லை. மன்னிப்புக் கேட்க நிறைய வார்த்தைகளை பஸ்ஸில் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கேன்யா. ஒங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்."

கொஞ்சம் கழித்து அவனே, "இப்பச் சரியா எவ்வளவு வருது?" என்று கேட்டான்.

"நாப்பத்தேழு. பாதிக்குக் கீழதான்."

"அப்ப?"

"அப்ப என்ன. கட்ச்சுக்குப் போகாண்டாம். முருங்கைக்கீரை இவளுக்கும் பிடிக்கும்."

செவ்வந்தி, "எனக்கு எப்பப் பிடிச்சுது?" என்று கேட்டாள். பல வாரத்துக்குப் பிறகு, "வாரேன்" தவிர, அம்மாவிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. சொல்லிவிட்டு அவளே அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

தனுஷ்கோடி பலகையை மாற்றிவிட்டார். சர்க்கரை, உப்பு, ரத்தசோகை பார்க்கிற சாதாரண லேப் அது இப்போது. மற்ற ஊர்களில் சான்றிதழ் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரும்பைத்தான் அளக்கிறோம் என்று கையேட்டின் மூன்றாவது பக்கமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. செண்பகவல்லி போன் போட்ட அறுநூற்று நாற்பது வீடுகளில் பதினேழில் நின்றுபோன கல்யாணம் மறுபடி நடந்தது. எட்டயபுரத்துப் பெண்ணுக்கு அவளால் எதையும் திருப்பித் தர முடியவில்லை. மாதம் ஒரு தடவை போன் செய்து நலம் விசாரிக்கிறாள். அந்தப் பெண் எடுத்துப் பேசுகிறாள் என்பதே பெரிய காரியம்.

அடுத்த மாதம் ஐந்தாவது பாட்டில் கொடுக்க ரத்த வங்கிக்குப் போனாள். கட்டிலில் படுத்து, குழாயில் ரத்தம் இறங்க ஆரம்பித்ததும், பழக்கதோஷத்தில் உதடு அசைந்தது.

"நாலு பேரும் நல்லா இருக்கணும்."

நாலு தடவையும் அவளுக்கு ஊசி போட்ட நர்ஸ் அங்கேயே நின்றிருந்தாள். "எப்பவும் அஞ்சு பேருன்னுல்லா சொல்லுவீக?"

"அஞ்சாவது ஆளுக்கு நேர்லயே சொல்லியாச்சு சிஸ்டர்," என்றாள் செண்பகவல்லி, பக்கத்துக் கட்டிலில் கையை மூடி மூடித் திறந்துகொண்டு படுத்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்து.